கறண்டு கேட்காத மேஜை

ஓவர்பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுசீலாபாய் உடனே நடக்க மாட்டார். நிறுத்தத்தின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று, தோள்பையின் வாயைத் திறந்து, உள்ளே புறங்கையை வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மூன்று எண்ணும் நேரம். பிறகு குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். "சூடும் இல்ல, மணமும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையை மூடிய பிறகுதான் உப்பிடாமூடு பாலத்தை நோக்கி நடை. பக்கத்தில் நிற்பவர்கள் மதியச் சோற்றின் குழம்பு சிந்திவிட்டதோ என்று பார்க்கிறார் என நினைத்துக்கொள்வார்கள். பைக்குள் இருப்பது அவரே கையால் செய்த பேட்டரி.

ஐம்பத்துமூன்று வயது. குட்டையான உருவம். நூல் சேலை, முழங்கை தொடும் ரவிக்கை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பாறசாலைக்குத் தெற்கே வீடு. வஞ்சியூர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டிடம் இருக்கிறது. வக்கீல் அலுவலகங்கள், ஒரு கணினிப் பயிற்சி நிலையம், ஒரு பல் ஆஸ்பத்திரி. அதன் படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டு பத்தொன்பது வருடம் மனு டைப் செய்தார் சுசீலாபாய். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். தெற்கேயிருந்து ஓட்டல் வேலைக்கும் கட்டிட வேலைக்கும் வருகிற தமிழ்ச் சனங்களுக்கு, அரசாங்கத்திடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த மேஜைதான். நான் வலியசாலையில் இருக்கிறேன், நடக்கும் தூரம். தொலைந்துபோன சான்றிதழ் ஒன்றுக்காக மனு டைப் செய்யப் போனதில்தான் எங்கள் பழக்கம்.

அன்றைக்கே ஒரு விஷயம் கவனித்தேன். 'தாழ்மையுடன்' என்று நான் சொன்ன சொல்லை அவர் டைப் செய்யவில்லை. விட்டுப்போயிற்று என்று சுட்டிக்காட்டினேன்.

"விட்டுப்போகூல, விட்டேன்" என்றார். "தாழ்மை ஒண்ணும் வேண்டாம். நாம கேக்கது நம்மளுக்க அவகாசம்."

அவகாசம் என்றால் இந்த ஊரில் உரிமை. அவருடைய மனுக்களில் யாரும் காலில் விழுவதில்லை, யாரும் கருணையை எதிர்பார்ப்பதில்லை. டைப் செய்து முடித்ததும் முழுவதையும் சத்தமாக வாசிப்பார். "உமக்க சொல்லுக்குப் பதிலா எங்கயாவது எனக்க சொல்லு கெடந்தா நிறுத்தணும், கேட்டியளா" என்று எச்சரித்துவிட்டுத்தான் தொடங்குவார். கடைசியாகத் தாளின் அடிமூலையில் சின்ன எழுத்தில், 'டைப் செய்தது: சுசீலாபாய்'. இதை மற்றவர்கள் யாரும் போடுவதில்லை. வம்பு எதற்கு என்று விட்டுவிடுவார்கள்.

வம்பு போன வருடம் மார்ச் மாதம் வந்தது.

அந்தக் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கிறவர் மாடம்மாள். வள்ளியூர்ப் பக்கம். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிப் படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள், தண்ணீர் குடிக்கவே மாட்டீர்களா என்று கேட்டார்கள். நாலு நாள் கழித்து வந்து சுசீலாபாயின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எக்கா, பதினாலு கக்கூஸு கழுவுதேன். ஒண்ணுலயும் போவக்கூடாதாம். சாவி வாடகைக்காரங்களுக்கு மட்டுந்தானாம். காலையில ஆறு மணிக்கு வந்தா ரெண்டு மணி வரைக்கும் நான் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன்."

சுசீலாபாய் அதை அப்படியே எழுதினார். பதினான்கு என்ற எண்ணை முதல் வரியிலேயே வைத்தார். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. தொழிலாளர் துறைக்குப் போயிற்று. இரண்டிலும் அடிமூலையில் அவர் பெயர்.

எட்டாம் நாள் அவருடைய மேஜைக்குப் பின்னாலிருந்த பிளக் பாயிண்டில் கரண்ட் வரவில்லை. அதே சுவரில் நாலடி தள்ளியிருந்த வக்கீல் அலுவலகத்து பாயிண்டில் வந்தது.

கட்டிடச் சங்கத்தின் செயலாளர் அனந்தபத்மநாபன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையான மனிதர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், சாவிகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார். சுசீலாபாய் போய்க் கேட்டபோது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாராம்.

"சுசீலே, ஞான் உன்னோடு வழக்குக்கு வந்ததுண்டோ? லோடு கூடுதல்ணு எலக்ட்ரீஷியன் சொன்னான். மாடம்மாளோடு அந்தப் பராதி மனுவ ஒண்ணு வாபஸ் வாங்கச் சொல்லு. எல்லாம் பழையபடி ஆகும், கேட்டோ."

சுசீலாபாய் உட்காரவில்லை. "கறண்டு உங்களுக்கது சாரே. விரலு எனக்கது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

சொல்வது சுலபம். அவருடைய லேப்டாப் பழைய கனத்த ரகம். அதற்குள்ளே இருக்கும் பேட்டரி எட்டு நிமிடம்கூடத் தாங்காது. அந்த மாடலுக்கு மாற்று பேட்டரி வருவது நின்றே பல வருடம் ஆகிறது. அச்செடுப்பது எதிர்க்கடையில், அதில் சிக்கல் இல்லை. டைப் செய்யத்தான் கரண்ட் வேண்டும். நாலு நாள் கையால் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மனுவை வாங்கமாட்டோம் என்று ஒரு அலுவலகத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றுதான் சொந்தமாகக் கரண்ட் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்.

முதல் முயற்சி பழைய யு.பி.எஸ். ஒன்றிலிருந்து கழற்றிய ஈய பேட்டரியும் ஒரு குட்டி இன்வெர்ட்டரும். தோள் இறங்கிப்போகிற கனம். கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம் வேறு. ஒன்றே கால் மணி நேரத்தில் நின்றது. தகரப்பறம்பில் போன், லேப்டாப் பழுது பார்க்கும் சஜியிடம் கொண்டுபோய்க் காட்டினார். சஜி களியக்காவிளைக்காரர், முப்பது வயதிருக்கும், பேசும்போது கையிலுள்ள போனைவிட்டுத் தலை நிமிர்த்த மாட்டார்.

"சேச்சி, பேட்டரியில உள்ள கறண்ட வீட்டுக் கறண்டா மாத்தி, அத சார்ஜர் திரும்பவும் பழையபடி மாத்துது. சுத்தி வளைச்சு கொண்டுபோறிய. வழியிலயே பாதி தீந்துபோவும். நேரே குடுக்கணும்."

"அதுக்கு என்ன வேணும்?"

"லித்தியம் செல்லு. பழைய லேப்டாப் பேட்டரிக்க உள்ள இருக்கும். ஆனா அது வச்சு வெளையாடுத சாதனம் இல்ல. செய்யாண்டாம்."

செய்யாண்டாம் என்ற சொல்லை சுசீலாபாயிடம் சொல்லியிருக்கக்கூடாது. சஜியின் கடை மூலையில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய பேட்டரிகளை ஒரு பை நிறையக் கேட்டு வாங்கிப் போனார். போனில் வீடியோக்களைப் பார்த்து, தானே பிளந்து, விரல் பருமனிலிருந்த செல்களை வெளியே எடுத்து, கம்பியால் பற்றவைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடுக்கினார். ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை அதை மேஜைக்கடியில் வைத்து லேப்டாப்பை ஓட்டினார். நாற்பது நிமிடம் ஓடியது. அதற்குள் ஒரு செவ்வாழைக் குலை வியாபாரியின் மனு பாதி முடிந்திருந்தது. டப்பாவிலிருந்து இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை வந்தது. கம்பியின் மேலுறை உருகிக்கொண்டிருந்தது. சுசீலாபாய் பிளக்கைப் பிடுங்கி, டப்பாவை முந்தானையால் பற்றி எடுத்து, வாசலில் மராமத்துக்குக் கொட்டியிருந்த மணலில் வீசினார். வியாபாரி ஓடியே போய்விட்டார். மேலே ஜன்னலில் அனந்தபத்மநாபன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துதான் போனேன்" என்று அதைப்பற்றி என்னிடம் சொன்னார். "பயம் இல்லண்ணு சொன்னா கள்ளம். வீட்டுல போய் நல்லா அழுதேன்."

இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. டெம்போ ஓட்டும் கணவர், போதும், வாபஸ் வாங்கச் சொல்லிவிடு, வேறு இடம் பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் காலை மாடம்மாள் போன் செய்தார். "எக்கா, எனக்காவ நீங்க படவேண்டாம். நான் தண்ணி குடிக்காம இருந்துக்கிடுதேன். பழக்கந்தான."

"அவ எனக்காவ எரக்கப்பட்டாளே, அது எனக்குப் பொறுக்கூல" என்றார் சுசீலாபாய். அன்று மத்தியானமே சஜியின் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். "நீ சொல்லித்தரலேண்ணா நான் திரும்பவும் தெரியாமத்தான் செய்வேன். தெரிஞ்சு செய்யதா, தெரியாம செய்யதா, எது வேணும் சொல்லு" என்று கேட்டாராம். முதல்முறையாக சஜி தலையை நிமிர்த்தினார்.

அடுத்த மூன்று வாரம் சுசீலாபாய் சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்திய பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார். அறுபத்தெட்டு செல்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒட்டினார். மீட்டர் வைத்துப் பார்த்து, அடியோடு இறங்கிப்போனவற்றை ஒதுக்கினார். மிச்சத்தைச் சார்ஜ் ஏற்றிப் பத்து நாள் சும்மா வைத்து, தானாகவே சார்ஜை இழந்தவற்றையும், ஏற்றும்போது சூடானவற்றையும் ஒதுக்கினார். நல்லதென்று தேறியவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இருபத்துநான்கு. ஆறு ஆறாக நாலு கூட்டம். சூட்டுக்கோலால் பற்றவைத்தால் செல் கெடும் என்பதால் நிக்கல் பட்டையை ஒரு நொடி மின்பாய்ச்சலில் ஒட்டவைக்கும் கருவி சஜியிடம் இருந்தது. செத்த செல்களில் நூறு முறை பழகிய பிறகுதான் நல்ல செல்லைத் தொட விட்டார் சஜி. அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு போர்டு, பதினைந்து வோல்ட்டைப் பத்தொன்பதாக உயர்த்த ஒரு போர்டு, ஒரு ஃபியூஸ், தடித்த கம்பி.

டப்பா விஷயத்தில் மட்டும் சஜியின் பேச்சைக் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டி நன்றாக இருக்கும் என்றார் சஜி. சுசீலாபாய் கண்ணாடிபோல உள்ளே தெரிகிற கனத்த பிளாஸ்டிக் பெட்டிதான் வேண்டும் என்றார். "மூடி வச்சாத்தான் ஆளுக பயப்படும். எல்லாரும் பாக்கட்டும்." மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மனுவைப் போலவே டைப் செய்தது. தலைப்பு: 'செய்யக்கூடாதவை'. பதினொரு வரி. ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக்கூடாது என்பது முதல் வரி. வீட்டில் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் ஏற்றுவார். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் தன்னைக் கூப்பிடக்கூடாது என்பது எழுதப்படாத பன்னிரண்டாவது வரி.

மே மாதம் முதல் வாரம் பெட்டி மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்தது, ஒரு வாளி மணலும் துணைக்கு. காலை பத்து மணிக்குப் போட்ட லேப்டாப் சாயங்காலம் நாலரைக்கும் ஓடியது. செத்த பிளக் பாயிண்டின் மேல் சுசீலாபாய் தன் குடையைத் தொங்கவிட்டார். அன்று சஜி கடையைப் பூட்டிவிட்டு வந்து, இரண்டு முறை பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் கழித்து, கட்டிடத்தில் ஒரு பெண் வெடிக்கும் சாதனம் வைத்திருக்கிறாள் என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். தீயணைப்பு நிலைய ஜீப் வந்தது. அப்போது நான் இன்னொரு மனுவுக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இறங்கியவர் இளம்வயதுப் பெண் அதிகாரி. பெயர்ப்பட்டையில் பிந்து என்றிருந்தது. பின்னால் அனந்தபத்மநாபன். பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். சுசீலாபாய் எழுந்து, பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, மூடியைத் திறந்தார்.

கேள்வியும் பதிலும் மலையாளத்தில் நடந்தன.

"ஷார்ட் ஆனால் என்ன ஆகும்?"

"ஃபியூஸ் போகும்."

"ஃபியூஸ் போகாவிட்டால்?"

"போர்டு துண்டிக்கும். அதுவும் இல்லையென்றால் மணல். ஆளையெல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு உங்களைக் கூப்பிடுவேன்."

"முன்னே ஒருமுறை புகைந்ததாமே?"

"புகைந்தது" என்றார் சுசீலாபாய். "அது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது."

அதிகாரி 'செய்யக்கூடாதவை' முழுவதையும் நின்று வாசித்தார். பிறகு கம்பி பெட்டியைவிட்டு வெளியே வரும் துளையில் விரலை ஓட்டினார். "இந்த ஓரம் கூராக இருக்கிறது. கம்பி உரசி உரசிக் கிழியும். ரப்பர் வளையம் போட வேண்டும்." சுசீலாபாய் உடனே பேனா எடுத்துத் தாளின் அடியில் அதையும் எழுதிக்கொண்டார்.

வந்த கையோடு கட்டிடத்தையும் பார்த்துவிடுகிறேன் என்று அதிகாரி மாடி ஏறினார். அரைமணி நேரம் கழித்து இறங்கியபோது அனந்தபத்மநாபனின் நெற்றி வேர்த்திருந்தது. தீயணைப்பு சிலிண்டர்கள் தேதி முடிந்தவை. பின்பக்கப் படியை மறித்துப் பழைய பீரோக்கள். ஒரு மாதத்துக்குள் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, அதிகாரி சுசீலாபாய் பக்கம் திரும்பினார்.

"சேச்சி, பெட்டியில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் இந்த மேஜை இங்கே இருக்கக்கூடாது. அவசரத்தில் நாலு மாடி ஆட்களும் இறங்கி ஓடும் வழி இது. நானே தெரிந்து விட்டுப்போனால் தப்பு."

அன்று முதல்முறையாக அனந்தபத்மநாபன் சிரித்தார். பத்தொன்பது வருடத்து இடம் போயிற்று. சுசீலாபாய் கொஞ்ச நேரம் படிக்கட்டின் அடிப்பக்கத்தையே பார்த்தார். "நீங்க சொன்னது சரிதான் மேடம்" என்றார். கட்டிடத்துக் காவலாளி குற்றாலலிங்கத்துக்கு உத்தரவு போயிற்று. தென்காசிக்காரர், அறுபதை ஒட்டிய வயது. "கோவிச்சுக்கிடாதீங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே மேஜையைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்தார்.

அங்கிருந்து சுசீலாபாய் தானே இழுத்தார். எதிர் நடைபாதை ஓரத்தில், ஒரு பாதாம் மரம் சுவரோடு ஒட்டி நிற்கிற இடத்தில், போகிறவர்களுக்கு வழிவிட்டு மேஜையைப் போட்டார். கட்டிடத்தைப் பார்த்து நாற்காலி. பெட்டி, மணல் வாளி, லேப்டாப். விட்ட இடத்திலிருந்து என் மனுவைத் தொடர்ந்தார். இடையில் ஒருமுறை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "படிக்கட்டுக்க அடியில இருக்கும்போ மேல உள்ளவருக்கு என்னத் தெரியாது. இனி ஜன்னலத் தொறந்தா நான்தான்."

ஜூன் மழையில் மரத்தோடு ஒரு நீலத் தார்ப்பாய் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு ரப்பர் வளையமும், நனையாமல் ஒரு ஸ்டாண்டும் வந்தன. பெருமழை நாளில் மட்டும் அச்செடுக்கும் கடையின் இறக்கத்தில் ஒண்டிக்கொள்வார். அந்த மாதம் மூன்றாம் வாரம் தொழிலாளர் துறையிலிருந்து விசாரிக்க வந்தார்கள். மாடம்மாளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். ஜூலையில் உத்தரவு வந்தது: வேலை செய்கிற எல்லோருக்கும் கீழ்த்தளத்தில் கழிப்பறை, சாவி யாரிடமும் இருக்கக்கூடாது, தாழ்ப்பாள் உள்ளே மட்டும். கழிப்பறை திறந்த அன்று காலை எட்டு மணிக்கு மாடம்மாள் கட்டிடத்தின் முற்றத்து நடுவில் நின்று ஒரு லிட்டர் தண்ணீரை அண்ணாந்து குடித்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சுசீலாபாய் பார்த்தார். "பாதி அவ சட்டையிலதான் விழுந்துது" என்றார்.

ஆகஸ்டில் ஒரு நாள் அனந்தபத்மநாபன் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"சுசீலே, நடந்தது நடந்து. முன்புறத்துல ஒரு மூலை ஒதுக்கிட்டுண்டு. பிளக் பாயிண்டும் உண்டு. மழையில இருந்து கஷ்டப்படண்டா."

அவர் மனம் மாறித்தான் வந்தாரா, எதிர் ஜன்னலில் தினமும் அந்த மேஜையைப் பார்க்கச் சகிக்காமல் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. சுசீலாபாய் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"வேண்டாம் சாரே. அந்த பாயிண்டுல ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க. மாடம்மா சோறு திங்கும்போ காத்து கிட்டட்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஃபேன் இன்னும் வரவில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது வெயில் காய்ந்தது. ஸ்டூலில் குற்றாலலிங்கம் உட்கார்ந்திருந்தார், சீருடைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்றே காவல் பார்க்க வேண்டியிருக்கிறது; நாற்காலி கேட்டால், உட்கார்ந்தால் தூங்கிவிடுவாய் என்கிறார்கள்; இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் கண் மூன்றாம் மாடியில் செயலாளரின் ஜன்னலுக்கும் தரைக்குமாகப் போய்வந்தது. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மேல இருந்து பாப்பாவ்ளாம்மா?" என்று கேட்டார்.

"பாப்பாங்க" என்றார் சுசீலாபாய்.

"அப்போ பேரு போடாம எழுதலாமா?"

சுசீலாபாய் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, திரை கட்டிடத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். தன் நாற்காலியையும் சுற்றிக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். "பேரு போட்டே எழுதுங்கம்மா" என்று அவர் தொப்பியைத் தலையில் வைத்த பிறகு, முதல் வரியில் குற்றாலலிங்கம் என்று டைப் செய்தார். பிறகு எழுத்தைப் பெரிதாக்கும் விசையை ஒருமுறை தட்டினார், ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார், இன்னொரு முறை தட்டினார்.